தம்பலகாமத்தில் வயல் எடுக்கப் போகிறீர்களா? தண்ணீர், மெசின், தராசு: ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகரில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நாலைந்து ஏக்கர் வயலும் செய்து பார்ப்போம் என்று நினைக்கிறவர்கள் முதலில் விசாரிக்கும் இடம் தம்பலகாமம். கண்டி வீதியில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஊரில் உழவு மெசினும் வெட்டு மெசினும் உண்டு, பசளைக் கடை உண்டு, நெல் எடுக்க வெட்டுக் காலத்தில் லொறியும் தானாக வரும். மாவட்டத்தில் வயல் செய்யத் தோதான ஊர்களில் இதை முன்வரிசையில் வைப்போம். ஆனால் குத்தகைக் காசை எண்ணிக் கொடுக்க முதல் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: வயல் தலைமடையிலா (வாய்க்காலின் தொடக்கப் பக்கம்), கடைமடையிலா (அதன் கடைசிப் பக்கம்)? விதைக்கிற நாள், போடுகிற இனம், புல் மருந்தின் பலன், மெசின் வரும் வாரம், கடைசியில் கைக்கு வரும் விலை எல்லாமே இந்த ஒரு பதிலில் தொங்குகின்றன.

தண்ணீர்

தம்பலகாமத்து வயல்களின் உயிர் கந்தளாய்க் குளம். 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்ட பிறகு, அம்பன் கங்கை வழியாக மின்னேரியா, கவுடுல்லை, கந்தளாய்ப் பக்கமும் அந்தத் தண்ணீர் வரத் தொடங்கியது. அதனால் இங்கே வெயில் காலத்துச் சிறுபோகம் மழையை மட்டும் நம்பிய ஊர்களைவிட உறுதியானது. அதே குளத்தில் இருந்துதான் திருகோணமலை நகரத்துக்குக் குடிநீரும் போகிறது. குளம் இறங்கின வருடத்தில் குடிநீருக்கு முதலிடம், வயலுக்கு மிச்சம். அப்படியான வருடத்தில் சிறுபோகத்தைக் குறைத்த ஏக்கர் அளவில்தான் செய்ய விடுவார்கள். எந்தப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர், எத்தனையாம் திகதி மதகு திறப்பு, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், கடைசித் தண்ணீர் எப்போது என்பதெல்லாம் போகத்துக்கு முன் நடக்கும் விவசாய ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானமாகும். குத்தகைக்காரர் என்றாலும் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே எழுதப்படும் திகதிகளுக்குச் சட்ட வலு உண்டு. விதைப்புத் திகதி தவறினால் தண்ணீர் கேட்டு வாதாட முடியாது, கட்டாக்காலி மாடு இறங்கினால் நட்டம் கேட்பதும் கஷ்டம்.

தலைமடை வயலுக்கு மதகு திறந்து இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வந்துவிடும். கடைமடைக்கு அதே தண்ணீர் பத்துப் பதினைந்து நாள் பிந்தி வரலாம். இடையில் இருப்பவர்கள் எல்லாரும் நிலத்தை ஊறவைத்த பிறகுதானே கீழே இறங்கும். வாய்க்காலில் சம்பும் ஆகாயத் தாமரையும் அடைத்திருந்தால் இன்னும் பிந்தும். கமக்காரர் அமைப்பு போகத்துக்கு முன் வாய்க்கால் துப்பரவு செய்யும் நாளில் ஆள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அதற்குரிய காசைக் கட்ட வேண்டும். இந்தச் செலவு குத்தகைக்காரர் பக்கமா காணிக்காரர் பக்கமா என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் முறையை ஒழுங்குபடுத்தும் வட்டவிதானையாரை வயல் எடுக்க முதலே சந்தித்துப் பேசுவது நல்லது. எந்த வயலுக்கு எத்தனையாம் நாள் தண்ணீர் ஏறும் என்பது அவருக்கு மனப்பாடம்.

தண்ணீர் வருவதைப் போலவே போவதும் முக்கியம். இந்த ஊர் கந்தளாய்க்கும் தம்பலகாமக் குடாவுக்கும் நடுவில், கடலை நோக்கிச் சரிந்த நிலம். திடல்களில், அதாவது மேட்டு நிலத்தில், வீடு, சுற்றிலும் வயல் என்பதுதான் பழைய குடியிருப்பு முறை. சிப்பித்திடல், நாயன்மார்திடல் என்ற பெயர்களே அதைச் சொல்லும். மார்கழி மழையில் மேலே இருந்து வரும் வெள்ளமும் குளத்து வான் கதவு திறந்த தண்ணீரும் வடிச்சல் (மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழி) வழியாகக் குடாவுக்கு இறங்க வேண்டும். வடிச்சல் தூர்ந்திருந்தால் பள்ள வயலில் பயிர் நாட்கணக்கில் முழுகிக் கிடக்கும். ஒரு வாரத்துக்கு மேல் இலை நுனி வெளியே தெரியாமல் முழுகிய இளம்பயிர் அழுகிப் போகும். ஆகவே வயல் பார்க்கப் போகும்போது வாய்க்காலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். மறுபக்கம் இறங்கி வடிச்சல் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

குடாப் பக்கத்து வயலில் உப்பு ஒரு தனிப் பிரச்சினை. வெயில் காலத்தில் வரம்பில் வெள்ளைப் பூப் பூத்ததுபோல் படிவு தெரியும். பயிரில் இலை நுனி வெளிறிக் காய்ந்து, திட்டுத் திட்டாக வளராமல் கட்டையாய் நிற்கும். அங்கே விதைக்க முதல் நல்ல தண்ணீர் கட்டி வடித்து, மறுபடியும் கட்டி வடிக்க வேண்டும். விதைத்த பிறகு நிலத்தை வெடிக்கக் காயவிடக் கூடாது. உப்பைத் தாங்கும் ஏ.ரி 354, பி.ஜி 369 போன்ற இனங்களைத் தேடிப் போடுங்கள். இத்தனைக்கும் தயாரில்லை என்றால் குத்தகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பக்கம் வேண்டாம்.

உழவும் விதைப்பும்

உழவு சேவையில் குறை சொல்ல அதிகம் இல்லை. முதல் உழவுக்குப் பெரிய உழவு மெசின், பத்துப் பதினாலு நாள் புல் அழுக விட்டு மண்ணைக் கிண்டும் ரொட்டவேற்றர், கடைசியில் நிலத்தைச் சமப்படுத்தும் பலகை. சின்ன வரவைகளுக்கு (வரம்பால் பிரித்த வயல் துண்டுகளுக்கு) இரு சக்கர லேன்ட்மாஸ்டர் போதும். கெட்டுப்போகும் இடம் பலகை அடிப்புத்தான். ஏக்கர்க் கணக்கில் கூலி பேசினால் ஓட்டுநருக்கு அவசரம். வரவையின் ஒரு மூலை மேடாகவும் மறு மூலை குழியாகவும் விட்டுப் போவார்கள். குழியில் முளைநெல் அழுகும், மேட்டில் புல் ஏறும், பிறகு போகம் முழுக்க அந்த மேட்டை நனைக்கவே தண்ணீர் வீணாகும். மெசின் வெளியேற முதல் வயலில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மண் வெளியே தெரியும் இடமெல்லாம் திரும்பவும் பலகை போட வேண்டிய இடம்.

இனத் தெரிவில்தான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். பி.ஜி 352, ஏ.ரி 362, கீரிச்சம்பாவான பி.ஜி 360 எல்லாம் மூன்றரை மாத இனங்கள், ஏறத்தாழ 105 நாள். பி.ஜி 300 மூன்று மாதம். தலைமடைக்காரர் மூன்றரை மாத இனம் போட்டு நல்ல விளைச்சல் எடுப்பதைப் பார்த்து, பதினைந்து நாள் பிந்தித் தண்ணீர் வந்த கடைமடையிலும் அதையே போடுவார்கள். கடைசித் தண்ணீர்த் திகதியோ எல்லாருக்கும் ஒன்றுதான். தலைமடைப் பயிர் முற்றும்போது மதகு பூட்டப்படும், கடைமடைப் பயிர் அப்போது பால் கட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் நிறையச் சப்பி (அரிசி இல்லாத வெறும் உமி) தான். பிந்திய பதினைந்து நாளை மூன்று மாத இனத்தால்தான் மீட்க முடியும். சிறுபோகத்தில் இதோடு தென்மேற்கில் இருந்து வரும் வறண்ட கச்சான் காற்றும் சேரும். பூக்கிற நேரத்தில் வயலில் தண்ணீர் இல்லாமல் கச்சான் அடித்தால் பாதிக் கதிர் வெள்ளையாய் நிற்கும்.

விதை ஏக்கருக்கு 2 புசல், அதாவது 40 கிலோ சொச்சம் போதும். இங்கே 3 புசல், சிலர் 4 புசல்கூட வீசுகிறார்கள். முளைக்காது என்ற பயம், களைக்கு இடம் விடக் கூடாது என்ற எண்ணம். அடர்ந்த பயிரின் அடியில் காற்று ஓடாது, ஈரம் நிற்கும், சாறு உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி அங்கேதான் குடியேறும். கூடவே யூரியாவையும் அள்ளிப் போட்டால் வயல் வட்ட வட்டமாய்ப் பொரிந்துபோகும். விதைநெல்லில் நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள். 85க்கு மேல் முளைத்தால் 2 புசலில் கைவைக்கத் தேவையில்லை.

விவசாயத் திணைக்களம் வரண்ட வலய நீர்ப்பாசன வயலுக்குச் சொல்லும் அளவு, மூன்றரை மாத இனத்துக்கு, ஹெக்டயருக்கு யூரியா 225 கிலோ, ரீ.எஸ்.பி (பொஸ்பேற்றுப் பசளை) 55, எம்.ஓ.பி (பொட்டாஷ் பசளை) 60. ஏக்கருக்குப் பார்த்தால் சுமார் 90, 22, 24 கிலோ. ரீ.எஸ்.பியைக் கடைசிப் பலகையோடு அடியில் போட வேண்டும், யூரியாவை நாலு தடவையாகப் பிரிக்க வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு கிடைத்ததை ஒரே தடவையில் போடும் பழக்கம் சிலரிடம் வந்தது. பசளை திரும்பக் கிடைக்கத் தொடங்கியும் அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கடைமடையில் புல் மருந்தும் ஏமாற்றும். விதைத்து மூன்று நாலு நாளில் அடிக்கும் மருந்துக்கு நிலம் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. நீங்கள் வடித்து மருந்து அடித்த அன்றிரவே மேல் வயல்காரர் தன் தண்ணீரைத் திறந்துவிட்டால் மருந்து முழுக்க வடிச்சலில் போய்விடும். மேல் வயல்காரரிடம் முதல் நாளே சொல்லி வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

வெட்டு மெசின்

இந்த ஊரின் சேவைகளில் ஆகச் சிறந்ததும் ஆக அதிகமாக நெல்லைத் தொலைப்பதும் இதுதான். மழைக்காலத்துப் பெரும்போக வெட்டில் மாசியும் பங்குனியும் மெசின்கள் இரவிலும் ஓடும். வெளி மாவட்டத்து மெசின்களும் வரும். ஆள் பிடித்து வெட்டி, கட்டி, சூடு அடித்த காலத்து வேலையை ஏக்கருக்கு ஒரு மணித்தியாலம் அளவில் முடித்துவிடும்.

கூலி இரண்டு விதம்: ஏக்கர்க் கணக்கு, மணித்தியாலக் கணக்கு. பயிர் நேராக நிற்கிறது, நிலம் காய்ந்திருக்கிறது என்றால் மணித்தியாலக் கணக்கு இலாபம். பயிர் சாய்ந்து நிலம் சேறாக இருந்தால் அதே கணக்கு உங்களைத் தின்றுவிடும். அப்போது ஏக்கர்க் கணக்கே நல்லது, ஆனால் மெசினுக்குப் பின்னால் நடந்துபோக ஆள் வேண்டும். ஏக்கர்க் கணக்கில் ஓட்டுநர் வேகம் கூட்டுவார். வேகம் கூடினால் வைக்கோலோடு நல்ல மணியும் பின்னால் போகும். மெசின் விசிறியின் காற்றைக் கூட்டி வைத்தால் சாக்கில் நெல் சுத்தமாக இருக்கும், ஆனால் பாதி முற்றிய மணி எல்லாம் பறந்துவிடும்.

இழப்பை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாகக் கம்பியை வளைத்துக்கொள்ளுங்கள். மெசின் போன தடத்தில், வைக்கோல் விழுந்த நடுவில் ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று என்று மூன்று இடத்தில் வைத்து, வைக்கோலை விலக்கி, உள்ளே கிடக்கும் முழு மணிகளை எண்ணி, மூன்றின் சராசரியை எடுங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சதுர அடிக்கு 10 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 10 கிலோ, அரைப் புசல் போய்விட்டது என்று கணக்கு. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 40 மணி கிடந்தால் 2 புசல், விதைத்த விதை முழுவதும் தரையில். உடனே மெசினை நிறுத்தி வேகத்தையும் காற்றையும் குறைக்கச் சொல்லுங்கள். முதல் வரவையிலேயே எண்ணிப் பார்த்தால்தான் பயன்.

இன்னொன்று, மெசின் உங்கள் வயலில் இறங்க முதல் தொட்டியையும் அடித் தட்டையும் திறந்து துப்பரவு செய்யச் சொல்லுங்கள். முந்திய வயலின் நெல் அதில் இருக்கும். களைநெல் (பயிரோடு களையாய் முளைக்கும் நெல்) ஊரூராய்ப் பரவுவதற்கு இது ஒரு பெரிய வழி. சிவப்பு நெல் வெட்டிய மெசின் நேரே உங்கள் வெள்ளை நாடு நெல் வயலுக்குள் இறங்கினால் முதல் சில சாக்கு கலப்பு நெல்லாகிவிடும், விலை பேசும்போது வியாபாரி அந்தச் சாக்கைத்தான் முதலில் குத்திப் பார்ப்பார். முதல் சாக்கைத் தனியே கட்டி வைப்பது புத்தி.

வெட்டுக்குப் பத்து நாள் முந்தியே தண்ணீரை வடித்து நிலத்தை இறுக்க வேண்டும். தலைமடையில் இது உங்கள் கையில். கடைமடையில் மேல் வயல்கள் வடிக்கும் தண்ணீர் உங்கள் வயல் வழியாகத்தான் போகும், நிலம் இறுகாது. மெசின் புதைந்தால் இழுத்தெடுக்கும் செலவும் உங்கள் தலையில் விழும், சங்கிலித் தடத்தில் வரம்பு உடையும். வரம்போரமாக ஒரு சாண் ஆழத்தில் கான் வெட்டி வடிச்சலில் விட்டால் நிலைமை பெரும்பாலும் தப்பும். இந்தக் கானை வெட்டுச் சமயத்தில் தோண்டாமல், கதிர் வந்தவுடனேயே எடுத்து விடுங்கள்.

தராசு

வெட்டின அன்றே வீதியோரத்தில் நெல் விற்கலாம். பொலன்னறுவை ஆலைகளின் லொறியும் வரும், கிண்ணியா, கந்தளாய் வியாபாரிகளும் வருவார்கள். வசதி என்று பார்த்தால் இதைவிட வசதி இல்லை. ஆனால் ஈர நெல்லுக்கு மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிவு வெட்டுவார்கள், அந்தக் கணக்கு நியாயமா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெசினில் இருந்து வரும் நெல்லில் ஈரப்பதம் 20, 22 வீதம் இருக்கும். 22 வீத நெல் 100 கிலோவை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 90.7 கிலோ மிஞ்சும். அதாவது நியாயமான ஈரக் கழிவு 100 கிலோவுக்கு 9 கிலோ அளவு. 18 வீத நெல்லுக்கு அது 5 கிலோவுக்குக் கீழே. எல்லா நெல்லுக்கும் ஒரே கழிவு என்று சொல்லும் வியாபாரியிடம், ஈரமானியை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று சொல்லுங்கள். சாக்கின் நிறைக்குத் தனிக் கழிவு, தூசிக்குத் தனிக் கழிவு என்று அடுக்கினால் அடுத்த லொறிக்குக் காத்திருங்கள்.

நெல் சந்தைப்படுத்தும் சபையின் விலை 2025 பெப்ரவரியில் கிலோவுக்கு நாடு 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று அறிவிக்கப்பட்டது. அங்கே கொடுக்க ஈரம் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும், பதிவும் வேண்டும். கடைமடைக்காரருக்கு இன்னொரு அடி இங்கே விழும். தலைமடை நெல் முதலில் சந்தைக்கு வந்து விலை சற்று இறங்கிய பிறகுதான் இவர்கள் வெட்டவே தொடங்குவார்கள். காயவைத்து ஒரு மாதம் வைத்திருக்க இடம் இருந்தால் அந்த இழப்பை ஈடு செய்யலாம். தார் வீதியில் காயவைப்பது எல்லாரும் செய்வது. ஆனால் நடுவெயிலில் மெல்லிய படையாகப் பரப்பினால் அரிசி வெடிக்கும், ஆலையில் குருணை கூடும். இரண்டு அங்குலத் தடிப்பில் படங்கின் மேல் பரப்பி அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கிளறினால் நெல் நெல்லாகவே இருக்கும்.

பதிவு, மானியம், பிரதேச சபை

குத்தகைக்காரர் அதிகம் கவனிக்காமல் விடுவது இந்தப் பகுதியை. பசளை மானியம் 2024/25 பெரும்போகத்திலிருந்து ஹெக்டயருக்கு 25,000 ரூபா, கூடியது 2 ஹெக்டயர் வரை. ஏக்கருக்குப் பத்தாயிரம் ரூபா அளவு. இந்தக் காசு கமநல சேவை நிலையத்துப் பதிவில் யாருடைய பெயர் பயிரிடுபவராக இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும். காணிக்காரரின் பெயரிலேயே பதிவு கிடந்தால், வயலைச் செய்வது நீங்கள், மானியம் எடுப்பது அவர். குத்தகைக்காரரைப் பதிய விட்டால் உரிமை போய்விடும் என்று காணிக்காரர்கள் பயப்படுவது வழக்கம். ஆகவே பதிவு மாறாவிட்டாலும், மானியக் காசைக் குத்தகையில் கழிக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். காணிக்கு உறுதியா, அரச அனுமதிப்பத்திரமா என்பதையும் பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணியை எழுத்தில் குத்தகைக்கு விடுவதில் சட்டத் தடை உண்டு. பிறகு சண்டை வந்தால் உங்கள் கடதாசிக்குப் பெறுமதி இராது.

பயிர்க் காப்புறுதியும் இதே பதிவில்தான் நிற்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் திருகோணமலை மாவட்ட வயல்களையும் விட்டுவைக்கவில்லை. பெரும்போகத்தில் வெள்ளம் வரும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். விதைத்த அன்று, முளைத்த பிறகு, வெள்ளம் நிற்கும்போது என்று வயலைத் திகதி தெரியப் படம் எடுத்து வைத்திருந்தால் நட்டஈட்டு விண்ணப்பம் வலுவாக இருக்கும்.

பிரதேச சபையிடம் வயல்காரருக்கு வேலை குறைவு. உள்வீதிக் குழி, தெரு விளக்கு, கட்டாக்காலி மாடு பிடிப்பது என்பவற்றுக்கு அங்கே எழுத்தில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு நிற்காது. காட்டோரத்தில் யானை இரவில் இறங்கும் பக்கங்களும் உண்டு. அங்கே வயல் எடுத்தால் கதிர் வந்ததில் இருந்து வெட்டும் வரை காவலுக்கு ஆள் செலவு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்

மண்ணோடு சேர்ந்த பழமை இந்த ஊருக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த பிறகு இங்கே அமைந்த ஆதி கோணநாயகர் கோயில் இன்றும் ஊரின் நடு. கந்தளாய்க் குளக்கட்டில் வேள்வி செய்யும் மரபு தம்பலகாமத்தாருடையது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அந்தக் குளக்கட்டு உடைந்து பலர் மாண்டார்கள், வயல்களில் மணல் மூடியது. அதை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளத்தின் நீர்மட்டத்தைப் பற்றி ஊரவர் இத்தனை அக்கறையாகப் பேசுவது வெறும் விளைச்சலுக்காக மட்டும் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் பிரிவு இது. முள்ளிப்பொத்தானையில் மெசின் பிடித்து, பட்டிமேட்டில் வயல் வெட்டி, கந்தளாயில் நெல் விற்பது இங்கே அன்றாடம் நடப்பது.

எங்கள் தெரிவைக் கேட்டால், முதல் தடவை செய்கிறவர் தலைமடையிலோ நடுவிலோ 2 ஏக்கர் எடுக்கட்டும், சிறுபோகத்தில் தொடங்கட்டும். வெள்ளப் பயம் இல்லை, வெட்டும்போது நிலம் காய்ந்திருக்கும். கடைமடைதான் கிடைக்கிறது என்றால் தலைமடைக் குத்தகையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிந்தும் நாட்கள், கான் வெட்டும் கூலி, இறங்கும் விலை மூன்றையும் எழுதிக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். வயல் பார்ப்பதை மார்கழி கடைசியில், மழை விட்டு இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வயல்கள் வடிந்த பிறகும் தண்ணீர் நிற்கும் வரவைகள் எவை என்பதை அன்றைக்கு வரம்பில் நின்றே எண்ணிவிடலாம். சிறுபோகக் குத்தகைப் பேச்சுத் தொடங்கவும் அது சரியான நேரம்.